ஐந்தரைக் கோடி வயது மிருகமும் என் குதிரைக் காலும்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில் ஆரம்பித்த கதை இது. இடம், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரை, இரண்டு டியூப்லைட், மூக்கைத் துளைக்கும் ரெசின் பசையின் நெடி, நடுவில் நான். ஃபைபரில் மிருகம் செய்வது தொழில். கல்யாண மண்டப வாசலில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே யானை, பூங்காவில் வாயைப் பிளந்து குப்பை கேட்குமே பென்குயின், அதெல்லாம் என்னைப் போன்றவர்களின் திருப்பணிதான்.

என் திறமைக்குச் சான்றும் உண்டு. ஆவடிப் பக்கம் ஒரு பூங்காவில் நான் செய்த மான் இருக்கிறது. பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிக்கொண்டு "நாய், நாய்" என்று கொஞ்சுகிறார்கள். பூந்தமல்லி மண்டபம் ஒன்றில் நிற்கும் என் யானை, பெண்ணைப் பெற்றவர் மாதிரியே கவலையோடு சிரிக்கும். அப்போதே இருபத்தெட்டு வருட அனுபவம் என்றால் சும்மாவா!

தொழில் ரகசியம் ஒன்றை இங்கே உடைத்தாக வேண்டும். என் பட்டறையில் பிறந்த எந்த மிருகத்துக்கும் அதனுடைய கால் கிடையாது. புதிதாகக் களிமண்ணில் உருவம் பிடித்து, அதிலிருந்து அச்சு எடுப்பது பெரிய வேலை. யார் செய்வது? சுவரோரம் பழைய அச்சுகள் அடுக்கிக் கிடக்கும். மாட்டு உடம்பு, ஆட்டுத் தலை, குதிரைக் கால் என்று கைக்கு வந்ததை வார்த்து, அறுத்து, ஒட்டி, ஒட்டிய சந்தில் பட்டி வைத்து, உப்புத்தாளில் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் முடிந்தது. பெற்ற தாய்க்கே ஒட்டு தெரியாது. எங்கே சந்து தெரிந்தாலும் பட்டி வைத்து அடைப்பது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டில் மனைவி சுட்ட ஆப்பத்தில் ஓட்டையைப் பார்த்தால்கூடக் கை துறுதுறுக்கும்.

அன்றைக்கு மழையில் நனைந்த ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரியில் பேராசிரியை. கையில் சுருட்டிய படங்கள், ஒரு பெட்டி நிறைய எலும்புகளின் நகல்கள். ஒரு மிருகம் வேண்டும் என்றார். அதற்கு ஒரு பெயர் சொன்னார். கேம்பேதீரியம். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பட்டறையில் அது 'கேம்பே' என்று சுருங்கிவிட்டது. ஐந்தரைக் கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்து அழிந்துபோன குளம்பு மிருகமாம். இந்தியா தனியாக மிதந்து வந்து ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலமாம். எலும்புகள் கிடைத்தது குஜராத் நிலக்கரிச் சுரங்கத்தில். உயரம், பெரிய ஆட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது எதை? நானும் அதையே கேட்டேன். "இது யாருக்கும்மா சொந்தம்?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தாங்க யாராலயும் உறுதியா சொல்ல முடியல. குதிரை, காண்டாமிருகம், டேபிர்னு பன்றிக்கு மூக்கு நீண்ட மாதிரி ஒண்ணு, இதெல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு இது ரொம்ப நெருக்கம். ஆனா உள்ள இல்ல. பக்கத்து வீடுன்னு வெச்சுக்குங்களேன். இதே மண்ணுல இன்னொரு பழைய கூட்டம் இருந்துச்சு. அதை ரொம்ப நாள் யானைக்குச் சொந்தம்னு நினைச்சாங்க. இப்ப இதுக்குச் சொந்தம்னு சொல்றவங்க இருக்காங்க."

"அப்ப குதிரைக்கு இது பங்காளியா, மாமன் மச்சானா?"

"தெரியாதுங்க."

அச்சுகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என் பட்டறையின் அச்சு மேஸ்திரி, பூந்தமல்லிக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "இன்னா நைனா இது? பத்திரிகை வெக்கலாமா வாணாமான்னே தெரியாத சொந்தமா கீது!"

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று குரல் மாறியது. இரண்டு வருடம் போராடி ஒரு கூடத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறாராம். தொட்டுப் பார்க்கும் கூடம். கண்ணாடிப் பெட்டி கிடையாது, 'தொடாதே' பலகை கிடையாது. முக்கியமாகப் பார்வையில்லாத பிள்ளைகளுக்காக. நம் மண்ணில் வாழ்ந்த மிருகம் ஒன்று நடுவில் நிற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கல்லூரியில் மற்றவர்கள், எதற்கு இந்த வம்பு, கடையில் ஒரு குதிரை பொம்மையை வாங்கி வைத்துவிடலாமே என்கிறார்களாம். தை மாதம் திறப்பு.

"காலை மட்டும் ரொம்பக் கவனமா செய்யுங்க. குதிரை மாதிரி ஒத்தைக் குளம்பு கிடையாது. தனித்தனி விரல், ஒவ்வொரு விரல் நுனியிலயும் சின்னதா ஒரு குளம்பு. நடுவிரல் பெரிசு. இதோட கதையே காலுலதான் இருக்கு" என்று விரல் எலும்புகளின் நகலை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"கவலையே படாதீங்கம்மா. களிமண்ணுல புதுசா பிடிச்சுடறேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

பிறகு என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மழையில் ரெசின் இறுக மறுத்தது. மண்டப யானை இரண்டு வரிசையில் நின்றது. கார்த்திகை கடைசியில் ஒருநாள், கோயிலுக்குச் செய்த குட்டிக் குதிரையின் கால் அச்சு கண்ணில் பட்டது. குதிரைக்கு நெருக்கம் என்று அவரேதானே சொன்னார்!

"அந்தம்மா காலைப் பத்தியே அரை அவரு பேசிச்சு. நீ இன்னாடான்னா குதிரை காலை எட்த்து சொருவுற" என்றார் பாய்.

"பெயின்ட் அடிச்சா யாருக்கு பாய் தெரியப்போவுது?"

"உன் இஷ்டம். அந்தம்மா வர்ற அன்னிக்கு நான் லீவு."

கன்றுக்குட்டி உடம்பு, மான் தலை, குதிரைக் கால். பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று பிடரி மயிர்கூட வைத்தேன். பெயின்ட் அடித்து முடித்துப் பார்த்தபோது எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, பேராசிரியை வந்தார். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட, கையில் கம்பு வைத்த ஒருவர். பிறவியிலேயே பார்வையில்லாதவர். ஆவடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டர். அப்பா திருநெல்வேலியிலிருந்து அதே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில்தான் என்றாலும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் முதலில் அவர் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம்.

கண் தெரியாதவர்தானே, பெயின்ட்டில் இன்னொரு கோட் மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் தனியாக இருக்கும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் மிருகத்தின் மேல் வைத்தார். நெற்றி, மூக்கு, தாடை. கை கழுத்துக்கு வந்தது. நின்றது.

"அண்ணாச்சி, இந்த எடத்துல ரெண்டு உருப்படி சேருதோ?"

இருபத்தெட்டு வருடத்தில் எந்தக் கண்ணும் பிடிக்காத ஒட்டை ஒரு விரல் பிடித்துவிட்டது.

கை முதுகில் போனது. "இது கன்னுக்குட்டி முதுகுல்லா?" பிடரி மயிரைத் தடவி, "இது வேறயா!" என்று முனகினார். பிறகு குனிந்து முன்னங்காலைப் பிடித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை. கீழிருந்து மேலே ஒருமுறை.

"குதிரை" என்றார்.

லீவு போடுவேன் என்று சொன்ன பாய், போடாமல் தப்பு செய்துவிட்டோமே என்கிற முகத்தோடு அச்சுக்குப் பின்னால் நின்றார்.

"ஒத்தைக் குளம்பு. எம்மா, நேத்து எங்கையில வெரல் வெரலா குடுத்தீங்களே எலும்பு, அது இதுல எங்க இருக்கு?"

பேராசிரியை திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். வாடிக்கையாளர் திட்டுவதெல்லாம் எனக்குக் காலை டிபன் மாதிரி. அவர் திட்டவில்லை. கவிழ்த்துப்போட்ட ரெசின் டின் மேல் உட்கார்ந்தார். "அந்த இடத்துல ஒரு குதிரையையே வாங்கி வெச்சிடலாம்னு அவங்க எல்லாம் அப்பவே சொன்னாங்க. சரி, விடுங்க. இதுவும் குதிரைதானே" என்றார்.

மாட்டிக்கொண்டால் ஜோக் அடித்துத் தப்பிப்பது என் வழக்கம். வாயைத் திறந்தேன். "நம்ம ஊருல ஒரு யானைக் கதை..."

"அண்ணாச்சி, அந்த நாலு குருடனும் யானையும் கதைய மட்டும் எடுத்தீரு, இந்தக் கம்பாலயே ஒரு போடு போட்டுருவேன். பொறந்ததுலேருந்து கேக்கேன்" என்றார் அவர்.

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். ஆனால் கறுப்புக் கண்ணாடிக்காரரின் கை மட்டும் அந்தக் குளம்பை விடவில்லை.

"கண்ணு உள்ளவனுக்குப் படம் இருக்கு, போன் இருக்கு. தப்புன்னா நாளைக்கே திருத்திக்கிடுவான். எங்களுக்கு அப்படி இல்ல. நீரு என்ன வைக்கீரோ அதான் மிருகம். நீரு குதிரைக்கால் வச்சா, அந்தப் பிள்ளைகளுக்குச் சாகுத வரைக்கும் அதுக்குக் குதிரைக்கால்தான்."

என் நாக்கு பிறந்தது முதல் ஓய்வெடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தது.

"எத்தனை நாள் இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு."

கட்டிங் மெஷினை எடுத்து அவர்கள் முன்னாலேயே நான்கு கால்களையும் அறுத்தேன். கேம்பே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. "கால மட்டும் இல்ல பாய், மொத்தமும் போவட்டும்" என்றேன். மண்டப யானைக்காரர்களுக்குப் போன் போட்டு, தையில் வேறு முகூர்த்தம் பாருங்கள், யானைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

களிமண்ணில் புதிதாகப் பிடிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அது மறந்தே போயிருந்தது. முதல் கால் முடிந்ததும் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது காலா, வாழைச் சீப்பா?" இரண்டாவது கால் கொஞ்சம் தேவலை. கை கழுவுகிற குழாய் மாதிரி இருந்தது.

அந்த ஆபரேட்டர் வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வர ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை. இடது கையில் எலும்பு நகல், வலது கை என் களிமண்ணில். "இன்னும் ஒல்லி பண்ணும்." "இந்த மூட்டு மேல இருக்கணும்." "நடுவெரலுக்குத் திமிரு பத்தல அண்ணாச்சி, அவன்தான் மூத்தவன்." அவர் சொல்லச் சொல்ல நான் வழித்தேன். ஒருநாள் நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். என் யானைகள் ஏன் அப்படிச் சிரிக்கின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை வருடமும் நான் பெயின்ட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

காலும் முதுகெலும்பும் பல்லும் ஒருவழியாகப் படிந்தன. காதுக்கு வந்தபோது சிக்கல். காதுக்கு ஏது எலும்பு? பேராசிரியைக்குப் போன் போட்டேன். "காது, உதடு, தோல், முடி இதெல்லாம் ஊகம்தாங்க. இப்படி இருந்திருக்கலாம்னு வரையறதுதான்" என்றார்.

ஆபரேட்டர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊகம்னு எனக்கு எப்படித் தெரியும்? காலும் வழவழன்னு இருக்கும், காதும் வழவழன்னு இருக்கும். ரெண்டும் நெசம்னுல்லா நெனைப்பேன்?"

எதிரே பாய் உப்புத்தாளோடு ஒரு மண்டபத் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி தேய்த்தது, பாதி தேய்க்காதது. தேய்த்த பக்கம் கண்ணாடி, தேய்க்காத பக்கம் காண்டாமிருகம்.

"பாய், எலும்பு கெடைச்ச எடத்தையெல்லாம் வழவழன்னு தேச்சிடலாம். ஊகம் பண்ண எடத்தை சொரசொரன்னு விட்டுடலாம்."

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் தொழிலில் சொரசொரப்பாக விடுவதைப்போல் அவமானம் வேறில்லை. "வேலையை முடிக்கலன்னு பேசுவானுங்க நைனா."

"பேசட்டும் பாய். நெசமாவே முடியல இல்ல?"

ஆபரேட்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தேடிப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். தேய்க்காத ஃபைபர் கையில் முள் மாதிரிச் சிலாம்பு ஏற்றும் என்பதால் சலித்த மணலை ரெசினில் கலந்து காதிலும் உதட்டிலும் தோலிலும் பூசினோம். கால்களை ஏழு விதமான உப்புத்தாளில் தேய்த்தோம். என் வாழ்நாளில் நான் அப்படித் தேய்த்ததில்லை.

பதினேழாம் நாள் கேம்பேயை, ஊரே குட்டியானை என்று கூப்பிடும் சின்ன லாரியில் ஏற்றினோம். கடைசியில் யானைச் சொந்தம் என்று ஆகிவிட்டதே என்று பாய் கவலைப்பட்டார். குத்தம்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"அண்ணாத்தே, இன்னா இது? பன்னியா, குதிரையா?"

"ரெண்டும் இல்ல."

"பின்ன இன்னா ஜாதி?"

"அது யாருக்குமே தெரியாது" என்றேன். தெரியாது என்று சொல்வதில் அவ்வளவு கர்வம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

கூடத்தில் மிருகத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை. உறவு முறையைத் தொட்டுத் தெரிந்துகொள்ள, கம்பிகளை மரக்கிளை மாதிரி ஒட்டச் சொல்லியிருந்தார் பேராசிரியை. குதிரைக்கு ஒரு கிளை, காண்டாமிருகத்துக்கு ஒன்று, டேபிருக்கு ஒன்று. மூன்றும் ஒரு தண்டில் சேரும். கேம்பேயின் கம்பி அந்தத் தண்டை நோக்கி வந்து, ஒரு விரல் அகலத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். அவர் தந்த படத்தில் அப்படித்தான் இருந்தது.

பாய் ஒட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். "நைனா, இங்க ஒரு வெரல் சந்து கீது. கம்பி பத்தல போல. பட்டி வெச்சு இழுத்துடட்டா?" கை ஏற்கெனவே பட்டியைக் குழைத்துக்கொண்டிருந்தது.

என் கையும் துறுதுறுத்தது. பொய் சொல்வானேன், ஆசை விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூடினால் எவ்வளவு அழகாக இருக்கும்!

"வாணாம் பாய்."

"இன்னா வாணாம்? ஒட்டாம தெரியுதுபா."

"தெரியட்டும்."

பாய் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

மறுநாள் திறப்பு. பெரிய மனிதர்கள் பேசி முடித்துப் போன பிறகு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கேம்பேயைச் சுற்றி எத்தனை கைகள்! காலில் நின்ற கை விரலை எண்ணியது. காதில் நின்ற கை, "ஐய, சொரசொரன்னு இருக்கு" என்றது. "சொரசொரன்னா தெரியாதுன்னு அர்த்தம்லே" என்று ஆபரேட்டர் விளக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தாரா, தூசி விழுந்ததா தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

பலகையில் கை வைத்த ஒரு பெண் குழந்தை கத்தியது. "சார், இங்க அறுந்து போச்சு!"

ஆபரேட்டர் வந்து, முந்தின நாள்தான் ஒட்டி முடித்த அந்தப் பலகையில் முதல்முறையாக விரலை ஓட்டினார். சந்தில் விரல் விழுந்தது. "அண்ணாச்சி!" என்றார் பழைய குரலில்.

"இது மறதியா, வேணும்னா?"

"வேணும்னுதான்."

ஒரு நொடி விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். பிறகு சிரித்தார். "அறுந்து போகல தாயி. அது யாருக்குச் சொந்தம்னு இன்னும் முடிவாகல."

அந்தக் குழந்தை யோசித்தது. "அப்ப இதுக்குக் கல்யாணம்னா யாரைக் கூப்பிடுவாங்க?"

"அதைத்தாம்மா நான் அன்னிக்கே கேட்டேன்!" என்று கூடமே அதிரக் கத்தினார் பாய்.

பலகையின் அடியில் பிரெய்ல் புள்ளி எழுத்தில் ஏதோ ஒரு வரி இருந்தது. பேராசிரியை சேர்த்திருக்கிறார். எனக்கு அது படிக்கத் தெரியாது. ஆபரேட்டரைக் கேட்டேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "'குதிரைக்கால் வைத்தவர்'னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார். செய்தவர்கள் என்று போட்டு என் பெயரும் பாய் பெயரும் இருந்ததாம். அந்த அரை மணி நேரமும் குதிரைக்கால் வைத்தவர் என்பதுதான் எனக்குப் பொருத்தம் என்று உள்ளூர ஒப்புக்கொண்டுதான் நின்றேன்.

இப்போதும் மண்டப யானைகள் செய்கிறேன், இப்போது அவை தங்கள் சொந்தக் கால்களில் நிற்கின்றன, சிரிப்பு மட்டும் இன்னும் சரியாகவில்லை. சந்து தெரியாமல் ஒட்டுவதில் நான் கில்லாடிதான், ஆனால் இந்த முப்பது வருடத்தில் நான் செய்ததில் எது பெரிது என்று யாராவது கேட்டால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்: பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பலகையில், ஒட்டாமல் விட்டு வந்த அந்த ஒரு விரல் இடம்.